பதினாறாவது கோடு

பத்தொன்பது வருடங்களில் ஏறத்தாழ இருபத்தாறாயிரம் பேர் அவரைப் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டு கார் ஓட்டியிருக்கிறார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அன்று உரிமம் கிடைக்கவில்லை. அழுதவர்கள் உண்டு. சாவியைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வீசியவர் ஒருவர் உண்டு. "உங்களுக்கு முதல்ல ஓட்டத் தெரியுமா?" என்று திருப்பிக் கேட்ட பல் மருத்துவர் ஒருவரும் உண்டு. ஓட்டுநர் உரிமத் தேர்வாளரான அவர் இந்த இருபத்தாறாயிரம் முடிவுகளில் ஒன்றைக்கூட வீட்டுக்குச் சுமந்துகொண்டு போனதில்லை. போன மாதம் வரை.

வயது ஐம்பத்திரண்டு. ஒல்லி, நெட்டை. இருக்கையை எவ்வளவு பின்னுக்குத் தள்ளினாலும் முழங்கால் முன்பலகையில் இடிக்கும். தேர்வு நிலையத்தில் எல்லோரும் அவரைப் புள்ளிக்காரர் என்பார்கள். அதற்குக் காரணம் அவர் தாளை நிரப்பும் விதம்.

தேர்வுத் தாள் ஒரே பக்கம்தான். கண்ணாடி பார்த்தல், சிக்னல் போடுதல், வேகம், இடைவெளி, நிறுத்துதல் என்று வரிசையாக முப்பது வரிகள். சின்னத் தப்புக்கு ஒரு சாய்கோடு. பெரிய தப்புக்கு வட்டம். வட்டம் ஒன்று விழுந்தாலே கதை முடிந்தது. கோடுகளைப் பதினைந்து வரை தாள் தாங்கும். பதினாறாவது விழுந்தால் தோல்வி. மற்ற தேர்வாளர்கள் தப்பைக் கண்டதும் கோடு இழுத்துவிடுவார்கள். இவர் சந்தேகம் வந்தால் பென்சிலால் ஒரு புள்ளி மட்டும் வைப்பார். வண்டி நிலையத்துக்குத் திரும்பி, இன்ஜின் அணைந்த பிறகு, அரை நிமிடம் யோசிப்பார். பிறகு புள்ளி கோடாகும், அல்லது அழியும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. அது யாருக்கும் தெரியாது. சீட் பெல்ட் மாட்டும் சத்தம் கேட்டதும், கண்ணைத் திறந்துவைத்தபடியே, சோதனையிலிருந்து காக்கும்படி ஒரு சின்ன ஜெபம். வாய் அசையாது. ஓட்ட வந்தவர், ஐயா சாலையைப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொள்வார்.

சோதனைகள் வந்துகொண்டுதான் இருந்தன. உறைக்குள் வந்தன, வாசனைத் திரவியமாக வந்தன, ஒருமுறை கூண்டோடு இரண்டு முயல்களாக வந்தன. அத்தனையையும் திருப்பி அனுப்பினார். சபையில், கர்த்தர் தங்களைக் காத்த கதையை எழுந்து சாட்சியாகச் சொல்லும் ஞாயிறுகளில் முயல் கதையை இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். இரண்டாம் தடவை சொல்லிவிட்டு வீடு திரும்பியபோது மனைவி கேட்டார்: "முயல் வளர்க்க உங்களுக்கு ஆசையா?"

"இல்லையே."

"அப்ப வேண்டாம்னு சொன்னதுல என்ன பெருமை?"

அதற்குப் பிறகு அவர் முயலைப் பற்றிச் சொல்வதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்கு அவர் காத்திருப்பு அறைக் கதவைத் திறந்து "நாற்பத்தேழு" என்றார். பட்டியலில் எண்ணும் நேரமும் மட்டும்தான் இருக்கும். மூன்றாவது வரிசையிலிருந்து எழுந்தவர் அவருடைய தங்கையின் கணவர். முன்னாள் கணவர் என்று சொல்ல வேண்டும்.

எட்டு வருடங்களுக்கு முன் அந்த மாப்பிள்ளை ஒரு பெட்டியுடன் வேறொரு பெண்ணோடு வேறொரு நாட்டுக்குப் போனார். போகும் அவசரத்தில் டிவி ரிமோட்டும் பெட்டிக்குள் போய்விட்டது. பல மாதங்கள் தங்கை டிவி வரைக்கும் எழுந்து நடந்துபோய் சேனல் மாற்றினாள். "புருஷன் போனதைவிட ரிமோட் போனதுதான் கால் வலி" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். எல்லோரும் கூடவே சிரிப்பார்கள். அண்ணன் மட்டும் ஒருநாளும் சிரித்ததில்லை.

உறவினர் தேர்வுக்கு வந்தால் தேர்வாளர் விலகிக்கொள்ள வேண்டும். அதற்கென்று ஒரு படிவம் உண்டு. தலைமைத் தேர்வாளரான சீஃப்பின் அறையில், பத்தடி தூரத்தில். அவர் அந்தப் பக்கம் திரும்பக்கூடச் செய்தார். பிறகு மனதுக்குள் ஒரு வழக்கு நடந்தது. விவாகரத்து ஆகிவிட்டது, இனி என்ன உறவு? தவிர, விலகுவது ஓடுவதுபோல் ஆகாதா? கூடவே உட்கார்ந்து, கோபத்தை அடக்கி, எல்லோருக்கும் போடுவதுபோலவே இவனுக்கும் போட்டுக் காட்டினால், அதுவல்லவா ஜெயம்? கர்த்தரே இந்த ஆளை அனுப்பியிருக்கிறார் என்றுகூடத் தோன்றியது. இதற்கெல்லாம் அடியில் இன்னொரு ஆசையும் இருந்தது. பென்சில் தன் கையில் இருப்பதை அந்த மாப்பிள்ளை பார்க்க வேண்டும். இதை அவர் மனைவியிடமே மூன்று நாள் கழித்துத்தான் ஒப்புக்கொண்டார்.

"மச்சான்! நீங்களா? நல்லதாப் போச்சு," என்றார் மாப்பிள்ளை, காரில் ஏறியதும்.

"சீட் பெல்ட் போடுங்க."

"வயசே ஏறல உங்களுக்கு. முடிதான் கொஞ்சம் லீவு எடுத்துக்கிச்சு."

"சீட் பெல்ட்."

பெல்ட் மாட்டும் சத்தம் கேட்டது. வழக்கமான ஜெபத்தைத் தொடங்கினார். பாதியில் எங்கே விட்டோம் என்று தெரியவில்லை. வண்டி நகர்ந்துவிட்டது.

மாப்பிள்ளை ஓட்டத் தெரியாதவர் அல்ல. போன நாட்டில் பல வருடம் ஓட்டியிருக்கிறார். அங்கே எடுத்த உரிமம் இங்கே செல்லாது. பேக்கரி ஒன்றில் ரொட்டி வேன் ஓட்டும் வேலை கிடைத்திருக்கிறது, உரிமம் வந்தால் சேரலாம். இதையெல்லாம் முதல் ரவுண்டானாவுக்கு முன்பே சொல்லி முடித்துவிட்டார். தெரிந்தவன் என்ற தெனாவட்டில் ஓட்டினார். ஒரு கை ஸ்டீயரிங்கில், ஒரு கை கியரில். இன்டிகேட்டர் தாமதம், ஒரு கோடு. மஞ்சள் விளக்கில் தயக்கம், ஒரு கோடு. மேட்டில் வண்டி அரையடி பின்னால் உருண்டது, இன்னொன்று.

"அவ எப்படி இருக்கா?"

"அடுத்த சிக்னல்ல இடது பக்கம் திரும்புங்க."

"பொண்ணு இப்ப ஒன்பதாவதா, பத்தாவதா?"

"நாற்பதுக்கு மேல போறீங்க."

"இன்னும் கோபமாத்தான் இருக்கீங்க."

"கோபம் இல்ல. நாற்பது."

"சரி, குறைச்சிட்டேன். கோபம் நாற்பதுக்குள்ள வந்துடுச்சா?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. அதுதான் கொடுமை. இந்த ஆள் எப்போதும் சிரிக்கவைப்பார். கல்யாணத்துக்கு முன் பெண் பார்க்க வந்த அன்றே வீட்டில் எல்லோரையும் சிரிக்கவைத்தவர். முதலில் சரி என்று சொன்னது அண்ணன்தான். "அடுத்த வலது, மாப்பிள்ளை" என்று அவர் வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். மாப்பிள்ளை வலது பக்கம் திரும்பினார், மிக ஒழுங்காக.

நூலகத்தைத் தாண்டியதும் சாலையோரம் ஒரு பேருந்து நின்றிருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். சுற்றுவதற்கு முன் பக்கக் கண்ணாடி பார்க்க வேண்டும். அந்த இடத்தில் மாப்பிள்ளை சொன்னார்: "பொண்ணு சிரிச்சா என்னை மாதிரியே இருக்காளாம். அவதான் சொன்னா."

அவதான் சொன்னாளா? தங்கை இந்த ஆளிடம் பேசுகிறாளா? எத்தனை நாளாக? அவர் முகத்தைத் திருப்பி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வெளியே ஒரு செருப்புக் கடை இருந்தது. அந்தக் கடையில் எத்தனை ஜோடி தொங்கின என்று இன்று கேட்டாலும் சொல்வார். பின்னாலிருந்து ஒரு பைக்காரர் ஹாரன் அடித்தார். திரும்பிப் பார்த்தபோது கார் பேருந்தைத் தாண்டியிருந்தது.

மாப்பிள்ளை கண்ணாடி பார்த்தாரா? தெரியாது. ஹாரன் அடித்ததால் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாமா? பைக்காரர்கள் எதற்குத்தான் ஹாரன் அடிக்கமாட்டார்கள்? 'கண்ணாடி பார்த்தல்' வரியில் ஒரு புள்ளி வைத்தார்.

நிலையத்துக்குத் திரும்பி இன்ஜின் அணைந்ததும் எண்ணினார். கோடுகள் பதினைந்து. புள்ளி ஒன்று.

முடிவை உடனே, வண்டியிலேயே சொல்ல வேண்டும். இந்த இருபத்தாறாயிரத்தில் ஒருவரையும் அவர் காக்கவைத்ததில்லை. "ரெண்டு நிமிஷம்," என்று சொல்லி இறங்கினார்.

கோப்பு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். பழைய தாள்களின் வாசனையும் ஒரு உடைந்த நாற்காலியும் இருந்த அந்த அறையில் நின்றபடியே ஜெபித்தார். கோடா, அழிப்பதா? இது ஒன்றுதான் கேள்வி.

மன்னி, அழி என்று ஒரு பதில் வந்தது. உண்மையாக இரு, கோடு போடு என்று உடனே இன்னொன்று. இரண்டும் வேதத்தின் வாடையோடு வந்தன. இரண்டுக்கும் வசனம் காட்ட முடியும். கோடு போட்டால் நாளை யாரோ ஒரு பைக்காரர் பிழைப்பார். அழித்தால் எட்டு வருட வன்மம் தீரும். கோடு போட்டால் வன்மம். அழித்தால், பார் எவ்வளவு பெரிய மனசு என்று அடுத்த ஞாயிறு சாட்சி. பிசாசு எந்தப் பக்கம் நிற்கிறான் என்று தெரிந்தால் எதிர்ப் பக்கம் போய்விடலாம். எந்தப் பக்கம் திரும்பினாலும் அங்கே அவரேதான் நின்றார்.

மனைவிக்குப் போன் போட்டார். அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்பவர்.

"என்னங்க, ஆள் காத்துட்டு இருக்கு. சுருக்கமா சொல்லுங்க."

சொன்னார்.

"அவர் கண்ணாடி பார்த்தாரா, இல்லையா?"

"தெரியல. நான் பார்க்கல."

"நீங்க எதைப் பார்த்துட்டு இருந்தீங்க?"

"செருப்புக் கடையை."

"ஜெபம் பண்ணீங்களா?"

"பண்ணிட்டேன். ரெண்டு பதில் வருது."

"ரெண்டும் யார் குரல்ல வருது?"

யோசித்தார். "என் குரல்லதான்."

"அப்ப இன்னும் பதில் வரல. நீங்களே பேசிட்டு இருக்கீங்க. வைக்கட்டுமா? இங்க ஒருத்தர் மூக்குல ஃபிரேமை மாட்டிட்டு நிக்கிறார்."

போனை வைத்துவிட்டுத் தாளைப் புரட்டினார். ஏன் புரட்டினோம் என்று அவருக்கே தெரியவில்லை. கிளிப் அட்டையில் அதற்கு அடியில் இருந்தது அடுத்த ஆளுக்கான வெற்றுத் தாள். அதில் பதினைந்து பள்ளங்கள். விரலால் தடவினார். அதற்கும் அடியில் இருந்த தாளில், அதற்கும் அடியில் இருந்ததில். மெல்லிய கோடு போடுபவர் என்று பெயர் எடுத்தவர் அவர். அவருடைய தாளைப் படிக்கக் கண்ணாடி வேண்டும் என்று சக தேர்வாளர்கள் கிண்டல் செய்வார்கள். இன்று பென்சில் நான்கு தாளைக் குத்தியிருக்கிறது.

மேட்டில் வண்டி உருண்டதே, அது உண்மையில் அரையடியா? வேறு யாராவது ஓட்டியிருந்தால் கோடு போட்டிருப்பேனா? போட்டிருப்பேன். போட்டிருக்க மாட்டேன். மஞ்சள் விளக்கு? தாமதித்த இன்டிகேட்டர்? ஒவ்வொரு கோடாகத் திரும்பப் பார்த்தார். பதினைந்தும் சரியாகவும் இருந்தன, பதினைந்தும் தப்பாகவும் இருந்தன. ஒரு புள்ளிக்கு முடிவு தேடி வந்தவரிடம் இப்போது பதினாறு கேள்விகள் இருந்தன.

மறுபடியும் ஜெபிக்க முயன்றார். இந்தத் தடவை எதையும் கேட்காமல். என்ன ஆசைப்படுகிறாய் என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டபோது வெட்கமாக இருந்தது. கோடு இழுக்கவும் ஆசையாக இருந்தது. இழுக்காமல் விட்டு, அந்த ஆள் நன்றி சொல்வதைக் கேட்கவும் ஆசையாக இருந்தது. ஆசையே இல்லாத ஒரு காரியம்தான் மீதி இருந்தது. அது பத்தடி தூரத்தில் சீஃப் அறையில் இருந்தது. ஆசை இல்லை என்பதால் அதுதான் சரி என்றும் சொல்ல முடியவில்லை. ஆனாலும் கால் அந்தப் பக்கம் போனது.

சீஃப் கீபோர்டைத் தலைகீழாகப் பிடித்து பிஸ்கட் துகளைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"சீஃப், நான் எடுத்த நாற்பத்தேழு எனக்குச் சொந்தம்."

"என்ன சொந்தம்?"

"தங்கச்சி வீட்டுக்காரர். முன்னாள்."

"முன்னாள்னா சொந்தம் இல்லையேய்யா."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். வண்டியில ஏறினதும் சொந்தமாயிட்டார்."

"சரி, பாஸா ஃபெயிலா?"

"தெரியாது."

சீஃப் கீபோர்டைக் கீழே வைத்தார். "தெரியாதுன்னா? உங்க வேலையே அதைத் தெரிஞ்சுக்கிறதுதானே?"

பக்கத்து மேஜையில் இருந்த பெண் தேர்வாளரை எல்லோரும் சைலன்சர் என்பார்கள். காருக்குள் வாயே திறக்கமாட்டார், அதைச் சேர்த்துவைத்து வெளியே பேசுவார். "தங்கச்சியை விட்டுட்டுப் போனவனா? எனக்கு அப்படி ஒரு மச்சான் இருந்தா, கண்ணாடியைக் கழற்றிக் கையில வச்சுப் பார்த்தாலும் கோடு போட்டிருப்பேன்," என்றார்.

"நீ சும்மா இரும்மா," என்றார் சீஃப். தாளை வாங்கிப் பார்த்தார். "ஒரே ஒரு புள்ளி. அழிங்க, இல்ல இழுங்க. எதைப் பண்ணாலும் நான் கையெழுத்துப் போடறேன். நீங்க என்கிட்ட வரவே இல்ல, நானும் எதையும் கேக்கல."

"வந்துட்டேனே, சீஃப்."

"வந்துட்டா நான் எழுதணும். சொல்லாம தேர்வு எடுத்ததுக்கு மெமோ. விசாரணை முடியிற வரைக்கும் வண்டியில ஏற முடியாது. முதுநிலைத் தேர்வாளர் லிஸ்ட்ல முதல்ல இருக்கிறது நீங்க, அதுவும் போகும். யோசிச்சுச் சொல்லுங்க."

யோசித்தால் மறுபடியும் கோப்பு அறைக்குத்தான் போக வேண்டும். "எழுதுங்க," என்றார். சொன்னதும் மனம் லேசாகும் என்று எதிர்பார்த்தார். ஆகவில்லை.

மாப்பிள்ளை காருக்கு வெளியே நின்றிருந்தார். தேர்வு ரத்தாகிவிட்டது என்று அவரிடம் சொன்னார்.

"ரத்துன்னா என்ன மச்சான்? பாஸா ஃபெயிலா?"

"ரெண்டும் இல்ல. நான் உங்க தேர்வை எடுத்திருக்கக் கூடாது. வேற ஆள் திரும்ப எடுப்பாங்க."

"எப்போ?"

"வரிசைப்படி மூணு வாரம். சீஃப் முன்னாடியே இடம் பார்க்கறேன்னு சொல்லியிருக்கார்."

"வேலை காத்திருக்குமா?" மாப்பிள்ளையின் முகத்தில் முதல்முறையாகக் கிண்டல் இல்லை. "ஃபெயில்னு சொல்லியிருந்தா, மச்சான் பழி வாங்கிட்டார்னு சொல்லிட்டுத் திரிஞ்சிருப்பேன். பாஸ்னு சொல்லியிருந்தா உங்க கால்ல விழுந்திருப்பேன். இப்ப நான் என்ன பண்றது, சொல்லுங்க?"

"பஸ்ஸைத் தாண்டும்போது கண்ணாடி பார்த்தீங்களா?" என்று கேட்டார்.

"எந்த பஸ்?"

"நூலகத்துப் பக்கத்துல நின்னுதே."

மாப்பிள்ளை நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "பார்த்தேன்னுதான் நினைக்கிறேன். நீங்க பார்க்கலையா?"

"நான் பார்க்கல."

இருவரும் அந்தக் காரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சாயங்காலம் தங்கை போன் செய்தாள். அச்சகத்தில் பைண்டிங் வேலை. பின்னால் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. "அண்ணா, நீ என்னதான் பண்ணி வச்சிருக்க?"

"நீ அந்த ஆள்கிட்ட பேசறியா?"

"ஆறு மாசமா. அவர் பொண்ணைப் பார்க்கணும்னு கேட்டார். முதல்ல ஒரு வேலையில நிலையா நில்லுங்க, அப்புறம் பார்க்கலாம்னு சொன்னேன். உன் நிலையத்துக்குப் போகச் சொன்னதே நான்தான். அண்ணன் இருக்கிற இடத்துல ஏமாத்து நடக்காதுன்னு சொன்னேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா அன்னைக்கு லீவு போட்டிருப்ப."

அது உண்மை. லீவு போட்டிருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. "அவர் திரும்பி வரப்போறாரா?" என்று கேட்டார்.

"அவர் ரொட்டி வேன் ஓட்டப்போறார். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். அதையும் இப்ப நீ நிறுத்தி வச்சிருக்க. அண்ணி சொன்னாங்க, ஜெபம் பண்ணினியாமே. எனக்காகவா, உனக்காகவா?"

"தப்பு பண்ணிடக் கூடாதுன்னு பண்ணினேன்."

"அதான் கேக்கறேன், யாருக்கு?" இயந்திரத்தின் சத்தம் கூடியது. அவள் வைத்துவிட்டாளா, சத்தத்தில் குரல் கேட்கவில்லையா என்று தெரியாமல் அவர் போனைக் காதிலேயே வைத்திருந்தார்.

இரண்டு வாரம் கழித்து மெமோ வந்தது. இரண்டு பக்கம். அவர் செய்தது சரி என்று ஒரு வரியும் தப்பு என்று ஒரு வரியும் அதில் இருந்தன. மனைவி அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார், கிண்டலாகவா மரியாதையாகவா என்று அவர் கேட்கவில்லை. புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில், யாருக்காவது விண்ணப்பம் உண்டா என்று பாஸ்டர் கேட்டபோது கை தூக்கினார்.

"ஒரு காரியத்துக்காக ஜெபிக்கணும்."

பாஸ்டர் குறிப்பேட்டைத் திறந்தார். அவரைவிட இருபது வயது இளையவர், எதையும் தலைப்புப் போட்டு எழுதுபவர். "நன்றி ஸ்தோத்திரம்னு எழுதவா, பாவமன்னிப்புன்னு எழுதவா, ஐயா?"

"அது தெரிஞ்சிருந்தா கை தூக்கியிருக்க மாட்டேன், பாஸ்டர்."

யாரோ சிரித்தார்கள். பாஸ்டர் இரண்டையும் எழுதிக்கொண்டார். அவர்கள் தலை குனிந்து ஜெபித்தபோது அவரும் குனிந்தார். காரில் இருந்த பழக்கத்தில் கண் மூடவில்லை. பதினைந்து கோடும் ஒரு புள்ளியும் இருந்த தாள் இப்போது சீஃப் அறையில் பூட்டிய அலமாரியில் இருக்கிறது. அதைத் திறந்து பார்த்தால் அந்தப் புள்ளி என்னவென்று தெரிந்துவிடும் என்று தினமும் ஒரு தடவையாவது அவருக்குத் தோன்றுகிறது. பார்த்தாலும் தெரியாது என்பதும் அவருக்குத் தெரியும்.

பேக்கரி இந்த வெள்ளிக்கிழமை வரை காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறது. மறுதேர்வு நாளை, வியாழன் காலை ஒன்பது நாற்பதுக்கு. பக்கத்து இருக்கையில் சைலன்சர் உட்காருவார். அந்த நேரத்தில் புள்ளிக்காரர் கவுன்டரில் கண் பரிசோதனைச் சான்றிதழ்களைச் சரிபார்த்துக்கொண்டிருப்பார்.